கட்டளை அறையின் புதிய கணினியும் காத்தான்குடியின் பழைய கேள்வியும்

உலகின் பெரிய இராணுவங்கள் பலவும் தமது நடவடிக்கை அறைகளில் மேசைக் கணினிகளைக் குறைத்துவருகின்றன. அவற்றின் இடத்துக்கு வருவது 'தின் கிளையன்ட்' என்று அழைக்கப்படும் ஒரு சிறிய பெட்டி. திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் வழமைபோல மேசையில் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் இருக்காது. கோப்பும் மென்பொருளும் வேறொரு கட்டடத்தில், பூட்டிய அறையில் இருக்கும் சேர்வரிலேயே இருக்கும். அதிகாரியின் கண்முன் தெரிவது அங்கே நடக்கும் வேலையின் படம் மாத்திரமே. அட்டையைச் செருகி உள்ளே நுழைய வேண்டும். அட்டையை எடுத்தால் திரை வெறுமையாகிவிடும். பென் டிரைவ் செருகினாலும் ஏற்காது.

இது கணினித் துறையினர் பேச வேண்டிய விடயம், இதில் எமக்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்து வாழும் காத்தான்குடி, ஏறாவூர் மக்களுக்கு இதில் நிறையவே இருக்கிறது. அரச பாதுகாப்புத் துறையின் கையில் இருந்த தகவல் உரிய இடத்துக்குப் போய்ச் சேராததன் விலையையும், அதே துறையின் கோப்பில் தவறான தகவல் ஏறியதன் விலையையும் இந்த நாட்டில் அதிகம் கொடுத்த சமூகங்களில் நாமும் ஒன்று. எனவே அந்தத் தகவல் எங்கே வைக்கப்படுகிறது, யார் திறந்து பார்க்கிறார்கள், யார் அழிக்க முடியும் என்பன எமது கேள்விகளும்தான்.

இராணுவங்கள் ஏன் மாறுகின்றன?

2008ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவத்தின் இரகசிய வலையமைப்புக்குள் ஒரு வைரஸ் புகுந்தது. அது நுழைந்த வழி ஒரு சாதாரண பென் டிரைவ். அதைத் துப்புரவாக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பென் டிரைவ் பாவனைக்கே தடை விதித்தார்கள். அதன் பின்னர் 2010இல் ஈராக்கில் பணியாற்றிய மானிங் என்ற இளநிலைப் புலனாய்வு ஆய்வாளர், தன் மேசைக் கணினியில் இருந்த சிடி எழுதும் வசதியைப் பயன்படுத்தி இலட்சக்கணக்கான இரகசிய ஆவணங்களைப் பிரதி எடுத்து விக்கிலீக்ஸுக்கு அனுப்பினார். மேசையில் ஒரு முழுமையான கணினி இருந்தால், அதன் ஒவ்வொரு துளையும் ஒரு கதவு என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் உணர்த்தின.

இன்னொரு காரணமும் உண்டு. இராணுவ வலையமைப்புகள் ஒன்றல்ல. பொதுவானது ஒன்று, இரகசியமானது ஒன்று, அதி இரகசியமானது இன்னொன்று. முன்பெல்லாம் ஒரே அதிகாரியின் மேசையில் மூன்று கணினிகள் இருக்கும். பாதுகாப்பான தின் கிளையன்ட் வந்த பிறகு, ஒரே பெட்டியில் மூன்று வலையமைப்புகளையும் தனித்தனிச் சாளரங்களாகப் பார்க்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதையும் நகர்த்த முடியாது. மின்சாரச் செலவும் வெகுவாகக் குறையும். முகாம் எதிரியிடம் வீழ்ந்தாலும், பெட்டி களவு போனாலும், உள்ளே எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அண்டை நாடான இந்தியாவும் இந்தத் திசையில் தன் பாணியில் நடக்கிறது. 2023 ஓகஸ்டில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சு, இணையத்துடன் இணைந்த தன் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக 'மாயா' என்ற உள்நாட்டு இயங்குதளத்தைப் பொருத்தத் தொடங்கியதாகச் செய்திகள் வெளியாகின. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்திருந்தபோது இலங்கையும் இந்தியாவும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டன. டிஜிட்டல் மயமாக்கலுக்கான உடன்படிக்கையும் அதே நாளில் கைச்சாத்தானது. அரச அலுவலகங்களை டிஜிட்டல் மயப்படுத்துவதை இன்றைய அரசாங்கம் தன் பிரதான வேலைத்திட்டங்களில் ஒன்றாகவே அறிவித்திருக்கிறது. அந்த அலை ஒருநாள் புனானையில் இருக்கும் 23ஆவது படைப்பிரிவுத் தலைமையகத்தின் மேசைக்கும், எமது ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் மேசைக்கும் வரும். வந்து அமர்ந்த பிறகு கேள்வி கேட்பதைவிட, வருமுன் கேட்பதே புத்தி.

2019இல் தகவல் எங்கே நின்றது?

உயிர்த்த ஞாயிறு தாக்குதல் குறித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் அறிக்கை 2019 ஒக்டோபரில் வெளியானது. அதில் உள்ள திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும்.

ஏப்ரல் 4: ஸஹ்ரான் ஹாஷிமின் குழு தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகிறது என்ற தகவல் வெளிநாட்டுப் புலனாய்வுத் துறையிடமிருந்து அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்குக் கிடைக்கிறது. ஏப்ரல் 7: அவர் அதைத் தேசிய புலனாய்வுப் பிரதானிக்குக் கடிதமாக எழுதுகிறார். ஏப்ரல் 9: பிரதானி அதைப் பொலிஸ் மா அதிபருக்கு அனுப்புகிறார். பொலிஸ் மா அதிபர் அதை உயரதிகாரிகள் நால்வருக்கு அனுப்புகிறார். மேல் மாகாணத்துக்குப் பொறுப்பானவர், விசேட அதிரடிப்படைக்குப் பொறுப்பானவர், பிரமுகர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், பயங்கரவாத விசாரணைப் பிரிவின் பணிப்பாளர் ஆகியோரே அந்த நால்வர். ஸஹ்ரானின் ஊர் இருக்கும் கிழக்கு மாகாணத்துக்குப் பொறுப்பான அதிகாரி அந்த நால்வரில் இல்லை. ஏப்ரல் 11: பிரமுகர் பாதுகாப்புக்குப் பொறுப்பான பிரதிப் பொலிஸ் மா அதிபர் தன் கீழுள்ள பிரிவுகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புகிறார். ஏப்ரல் 16: காத்தான்குடியை அடுத்த பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடிக்கிறது, அது பரீட்சார்த்த வெடிப்பு என்பது பின்னரே புரிகிறது. ஏப்ரல் 20, 21: கடைசி எச்சரிக்கைகள் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் போகின்றன.

21ஆம் திகதி காலை மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் சிறுவர்களும் மடிந்தார்கள். நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அதற்கு முந்தைய ஒரு சம்பவமும் எமது வாவிக் கரையிலேயே நடந்தது. 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவில் காவலரணில் இருந்த இரு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டு, அவர்களது துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. சந்தேகம் முன்னாள் புலி உறுப்பினர்கள் மீது விழுந்தது. அவர்களில் ஒருவர் சுமார் ஐந்து மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார். அதைச் செய்தது ஸஹ்ரானின் ஆட்கள் என்பது உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்தைய விசாரணையிலேயே வெளிவந்தது. ஒரு தமிழ்க் குடும்பம் செய்யாத குற்றத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தது. செய்தவர்கள் அடுத்த தாக்குதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்ட வழக்கை ஒரு பிரிவு விசாரித்தது. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருள் பிடிபட்டது. ஸஹ்ரானைத் தேடி வேறொரு பிரிவிடம் பிடியாணை இருந்தது. ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு மேசையில் இருந்தது.

இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் ஸஹ்ரானின் ஆட்கள் வாள்களோடு இறங்கித் தாக்கியது முஸ்லிம்களைத்தான். அதற்கு முன்னும் பின்னும் அவரைப் பற்றி முறைப்பாடு செய்ததும் முஸ்லிம்கள்தான். 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் சந்தேகத்துக்குரிய புதிய ஆட்கள் குடியேறியிருப்பதாகத் தகவல் கொடுத்ததும் அவ்வூர் மக்களே. சமூகம் கொடுத்த தகவல் அரசிடம் இருந்தது. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அது நகரவில்லை.

பின்னர் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். எனக்குச் சொல்லப்படவில்லை. நான் கடிதத்தைப் பார்க்கவில்லை. நான் கீழே அனுப்பிவிட்டேன். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் இந்தப் பதில்களை ஏற்காமல், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாயும், பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 75 மில்லியன் ரூபாயும், பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 50 மில்லியன் ரூபாயும், தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸ் 10 மில்லியன் ரூபாயும் நட்டஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு வர, தெரிவுக்குழு, ஜனாதிபதி ஆணைக்குழு, அடிப்படை உரிமை மனுக்கள் என ஏறத்தாழ நான்கு வருடங்கள் எடுத்தன. யார் எப்போது எதை அறிந்தார் என்பதை நிறுவுவதற்கே அவ்வளவு காலமும் பெரும்பாலும் செலவானது.

புதிய முறை எதைத் தீர்க்கும்?

தின் கிளையன்ட் முறையின் உண்மையான பெறுமதி இங்கேதான் இருக்கிறது. கோப்புகள் எல்லாம் ஒரே சேர்வரில் இருக்கும்போது, ஒவ்வொருவரும் எந்த நிமிடத்தில் உள்ளே வந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், யாருக்கு அனுப்பினார் என்பதெல்லாம் தானாகவே பதிவாகும்படி அமைக்கலாம். 'நான் பார்க்கவில்லை' என்று சொல்பவரின் பெயருக்கு எதிரே நாளும் நேரமும் நிற்கும். ஓர் எச்சரிக்கை ஐந்து நாட்களாகத் திறக்கப்படவில்லை என்றால், அதை மேலதிகாரியின் திரையில் சிவப்பாகக் காட்டவும் முடியும். வவுணதீவுக் கோப்பையும் வனாத்தவில்லுக் கோப்பையும் ஒரே ஆய்வாளர் ஒரே திரையில் பார்த்திருக்க முடியும்.

முடியும் என்பது வேறு, நடக்கும் என்பது வேறு. 2019 ஏப்ரலில் உயரதிகாரிகள் பாவித்தது வாட்ஸ்அப். மனிதர்கள் அவசரத்தில் இலகுவான வழியையே நாடுவார்கள். உலகிலேயே கூடுதல் பாதுகாப்பான இராணுவ வலையமைப்பை வைத்திருக்கும் அமெரிக்காவில், 2025 மார்ச்சில் யெமன் மீதான குண்டுவீச்சு பற்றிப் பாதுகாப்புச் செயலாளர் பீட் ஹெக்செத் உள்ளிட்டோர் தமது கைபேசிகளில் சிக்னல் குழு ஒன்றில் பேசினார்கள். அக்குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். மில்லியன் கணக்கில் செலவழித்த பாதுகாப்பான அறையைத் தாண்டிக்கொண்டு இரகசியம் கைபேசி வழியே வெளியே போனது. 2023இல் அமெரிக்க விமானப் படையின் தேசியக் காவல் பிரிவில் இருந்த ஓர் இளைஞர் இரகசிய ஆவணங்களைத் தாளில் அச்சிட்டு, படமெடுத்து இணைய அரட்டைக் குழுவில் போட்டார். பெட்டியை மாற்றலாம், ஆளின் பழக்கத்தை மாற்ற ஒழுங்கும் தண்டனையும் வேண்டும்.

ஒரே கூடையில் எல்லா முட்டையும்

மத்திய சேர்வர் முறையின் மறுபக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அரச மேகக் கணினியிலிருந்து அழிந்துபோயின. விவகாரம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போனது. 2023 ஓகஸ்டில் அதே அரச மேகக் கணினி கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம் இரண்டு. காலாவதியான மென்பொருளைப் பாவித்தார்கள். வலையமைப்புக்கு வெளியே தனிப் பிரதி வைத்திருக்கவில்லை.

பணமும் நுட்பமும் குறைந்த நாடு என்பதால் மட்டும் இப்படி நடந்தது என்று சொல்லவும் முடியாது. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென் கொரியாவின் அரச தரவு நிலையத்தில் தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் தரவு எரிந்து போனது. அதற்கும் தனிப் பிரதி இருக்கவில்லை.

ஒரு மேசைக் கணினி பழுதானால் ஒரு மேசையின் கோப்புதான் போகும். சேர்வர் போனால் எல்லா மேசைகளும் ஒரே நேரத்தில் வெறுமையாகும். வலையமைப்பு அறுந்தாலும் அதே நிலைதான். எமது பிரதேசத்துக்கு இது வெறும் கற்பனை அல்ல. 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் சுனாமி, 2025 நவம்பர் டித்வா புயல் ஆகிய மூன்றிலும் பாதைகளும் மின்சாரமும் தொடர்புகளும் துண்டிக்கப்பட்டதை நாம் அனுபவித்திருக்கிறோம். அனர்த்த நேரத்தில் படகு எங்கே, வைத்தியசாலை எங்கே, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியதும் இதே நடவடிக்கை அறைகள்தான். கொழும்பில் இருக்கும் சேர்வரை நம்பிக்கொண்டு கிழக்கில் இருக்கும் திரைகள் அன்றைக்கு இருண்டு போகக்கூடாது. பிரதேச மட்டத்தில் ஒரு சேர்வரும், தனியான மின்சாரமும், செய்மதித் தொடர்பும் இல்லாமல் இந்த முறையைக் கொண்டுவருவது ஆபத்தானது.

தவறான தகவலும் பாதுகாப்பாகவே இருக்கும்

எமது சமூகம் மிகவும் கவலைப்பட வேண்டிய இடத்துக்கு இப்போது வருவோம்.

தாக்குதலுக்கு முன் எச்சரிக்கை ஊர்ந்து போனது. தாக்குதலுக்குப் பின் சந்தேகம் பறந்து வந்தது. வீடுகளில் இருந்த அரபுப் புத்தகங்கள், பழைய சமையலறைக் கத்திகள், குர்ஆன் ஓதும் ஒலிப்பதிவுகள் எல்லாம் தடயங்களாயின. ஆடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச் சக்கரம் என்று எண்ணி ஒரு சகோதரியைச் சிறையில் அடைத்தார்கள். இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவரது தமிழ்க் கவிதை நூலில் தீவிரவாதம் இருப்பதாகக் குற்றம் சாட்டினார்கள். அவர் பிணையில் வந்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரில். கவிதையைப் பிழையாக வாசித்த ஒரு குறிப்பு எத்தனை கோப்புகளில் ஏறியிருக்கும்? விடுதலைத் தீர்ப்பு அதே கோப்புகள் அனைத்திலும் ஏறியிருக்குமா?

பழைய முறையில் தவறான குறிப்பு ஒரு பொலிஸ் நிலையத்தின் கடதாசிக் கோப்பில் கிடந்து மங்கிப்போகும். மத்திய சேர்வரில் அது மங்காது. விமான நிலையத்தில், வேலை விண்ணப்பத்தில், வங்கிக் கணக்கில், திடீர்ச் சோதனையில் எங்கே பெயரைத் தட்டினாலும் அது முதலாவதாக வந்து நிற்கும். திருடர்களிடமிருந்தும் வைரஸிலிருந்தும் அதைப் பாதுகாக்கும் அதே பூட்டு, சம்பந்தப்பட்ட மனிதனின் கண்ணிலிருந்தும் அதை மறைத்து வைக்கும்.

பாலஸ்தீனத்தில் இது எந்த அளவுக்குப் போகும் என்பதைக் கண்டோம். இஸ்ரேலிய இராணுவத்தின் 8200 பிரிவு காஸா, மேற்குக் கரை மக்களின் கோடிக்கணக்கான தொலைபேசி உரையாடல்களை மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மேகக் கணினியில் சேமித்து வைத்திருந்ததை 2025 ஓகஸ்டில் கார்டியன் பத்திரிகை வெளிப்படுத்தியது. தரவுகள் கிடந்தது ஐரோப்பாவில் இருந்த சேர்வர்களில். அடுத்த மாதம் அந்நிறுவனம் குறிப்பிட்ட சில சேவைகளை நிறுத்திக்கொண்டது. ஒரு மக்கள் கூட்டத்தின் மூச்சும் பேச்சும் இன்னொரு நாட்டின் கட்டடத்தில் சேமிக்கப்பட்டிருந்தது. அம்மக்களுக்கு அதைப் பார்க்கவோ, திருத்தவோ, மறுக்கவோ வழி இல்லை. இதை இலங்கையோடு ஒப்பிடுவது அளவில் பொருந்தாது. ஆனால் சேர்வர் யாருடையது, எந்த நாட்டில் இருக்கிறது, எந்த நிறுவனம் பராமரிக்கிறது என்று கேட்பது நியாயமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மானிங் விவகாரத்தையும் இந்த இடத்தில் மறுபடி பார்க்கலாம். அவர் வெளியிட்டவற்றுள் 2007 ஜூலையில் பக்தாதில் அமெரிக்க ஹெலிகொப்டர் பொதுமக்களையும் ரொய்ட்டர்ஸ் ஊழியர் இருவரையும் சுட்டுக்கொன்ற காணொளியும் இருந்தது. அந்த மேசையில் தின் கிளையன்ட் இருந்திருந்தால் அது உலகுக்குத் தெரியாமலேயே போயிருக்கக்கூடும். இரகசியம் கசிய வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. கசிவுக்கான துவாரங்களை அரசு அடைக்கிறது என்றால், நீதிக்கான சட்டபூர்வ வாசல் ஒன்றை அது திறந்தாக வேண்டும். இரண்டும் மூடப்பட்டால் அநீதிக்குத்தான் பாதுகாப்பு.

எழுத்தரும் சாட்சிகளும்

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், அதற்குச் சாட்சிகள் இருக்க வேண்டும், எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். சூரா ஹுஜுராத்தோ, வந்த செய்தியை விசாரிக்காமல் ஒரு கூட்டத்தார் மீது பாய்ந்துவிட வேண்டாம் என்கிறது. கடனுக்கே இவ்வளவு கவனம் என்றால், ஒரு மனிதனின் சுதந்திரத்தையும் மானத்தையும் தீர்மானிக்கும் பதிவேடு எவ்வளவு பெரிய அமானிதம்!

கொடுத்தவரும் எழுதியவரும் சாட்சியும் ஒரே ஆளாக இருக்க முடியாது. இராணுவச் சேர்வரின் பதிவேட்டுக்கும் இதே விதிதான். யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவு அந்த இராணுவத்தின் சேர்வரிலேயே, அதே நிர்வாகியின் சாவியின் கீழ் இருந்தால், அது சாட்சியில்லாத ஒப்பந்தம். 2019இல் கடிதத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னவர்கள், நாளை பதிவையே அழித்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையின் முழு வாதமும் இதுதான்: புதிய கணினி வரட்டும், ஆனால் அதன் பதிவேடு வெளியில் உள்ள சாட்சியிடம் இருக்கட்டும்.

அதற்கு எமது மக்கள் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் கேட்க வேண்டியவை நடைமுறைக்குச் சாத்தியமான சில விடயங்களே.

முதலாவது, திறந்தவர், நேரம், செய்த மாற்றம் ஆகியவற்றைக் காட்டும் பதிவு, அழிக்கவோ மாற்றவோ முடியாத வடிவில் ஒவ்வொரு நாளும் இராணுவத்துக்கும் பொலிஸுக்கும் வெளியே உள்ள ஒரு சுயாதீன அமைப்பிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். கோப்பின் உள்ளடக்கம் அங்கே போகத் தேவையில்லை. யார் தொட்டார் என்ற விபரம் போனால் போதும். நீதிமன்றக் கட்டளையின் பேரில் மட்டுமே அது திறக்கப்பட வேண்டும். இதனால் தேசிய பாதுகாப்புக்கு ஒரு குறையும் வராது.

இரண்டாவது, 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தடுப்பு நிலையங்களைப் பார்வையிடும் அதிகாரம் இருக்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. தடுப்பறையைப் பார்க்க முடிந்த ஆணைக்குழுவுக்கு, ஒருவரைப் பற்றிய பதிவு சரியா என விசாரிக்கும் அதிகாரமும் கொடுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, நீதிமன்றம் விடுதலை செய்தவரின் கோப்பில் அந்தத் தீர்ப்பு குறித்த நாட்களுக்குள் ஏற்றப்பட வேண்டும். குற்றம் சாட்டப்படாமலேயே விடுவிக்கப்பட்டவரின் பதிவுக்குக் காலாவதித் திகதி இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தும் உரிமையைப் பேசினாலும், தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்கின் முன்னால் அது நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதே மதிலில்தான் முட்டுகிறது. மதில் இருக்கட்டும், அதில் ஒரு வாசலும், வாசலில் ஒரு நீதிபதியும் இருக்க வேண்டும்.

நான்காவது, வலையமைப்புக்கு வெளியே தனிப் பிரதி வைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை மீட்டுப் பரீட்சிப்பதும் சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். 2023இல் போன மின்னஞ்சல்களைப் போல, நாளை ஒரு விசாரணைக்குத் தேவையான கோப்பும் 'வைரஸால் அழிந்துவிட்டது' என்ற ஒற்றை வரியில் மறையக் கூடாது.

ஐந்தாவது, பாதுகாப்பு எச்சரிக்கைகளைத் தனிப்பட்ட வாட்ஸ்அப்பில் பரிமாறுவது ஒழுக்காற்றுக் குற்றமாக்கப்பட வேண்டும். அவசரத்தில் தொலைபேசியில் சொல்ல வேண்டி வந்தாலும், அதே மணித்தியாலத்தில் அது பதிவேட்டில் ஏற வேண்டும்.

இவை முஸ்லிம்களுக்கான சலுகைகள் அல்ல. வவுணதீவில் பிள்ளைகளை இழந்த இரு பொலிஸ் குடும்பங்களுக்கும், செய்யாத குற்றத்துக்காகத் தடுத்து வைக்கப்பட்ட தமிழ்ச் சகோதரருக்கும், சியோன் தேவாலயத்தில் சிறுவர்களைப் பறிகொடுத்த பெற்றோருக்கும், காத்தான்குடியிலிருந்து முறைப்பாடு கொடுத்துவிட்டுப் பதில் கிடைக்காமல் இருந்தவர்களுக்கும் பொதுவான கோரிக்கைகள். பலமான பாதுகாப்புத் துறை எமக்கு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் தொழுகையில் இருந்தவர்களை இழந்த ஊர், பாதுகாப்பின் அருமையை எவரிடமும் கற்க வேண்டியதில்லை.

கொள்வனவுக் கேள்விப்பத்திரம் வெளியானால் அதில் எத்தனை பெட்டிகள், என்ன விலை, எந்த நிறுவனம் என்றெல்லாம் எழுதியிருக்கும். பதிவேட்டின் சாவி யாரிடம் என்பதும் அதே பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். பாராளுமன்றத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பது, கட்சி பேதமின்றிக் கிழக்கின் உறுப்பினர்கள் அனைவருக்கும் உரிய கடமை. மக்கள் வாக்கோடு சேர்த்து அவர்களிடம் ஒப்படைத்த அமானிதமும் அதுதான்.